பிள்ளைகள் செய்த வண்டியும் நான் பார்த்த ரிப்பேரும்

பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் வேலை என்றால் என்ன தெரியுமா? கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதை வருஷம் முழுக்க யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவியல் கண்காட்சி வந்ததும் எல்லாவற்றையும் நாமே தொட்டு, நாமே செய்ய வேண்டும். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 1989-இல் அந்தச் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பிள்ளைகள் 'லேப் அண்ணா' என்று கூப்பிட்டார்கள். காதோரம் நரைத்த பிறகும் அந்த அண்ணா மாமாவாகவில்லை. அந்த மட்டில் எனக்கு அதிர்ஷ்டம்தான்.

நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. மகளின் பள்ளிக்காகத் தெர்மாகோல் வெட்டி, கூடவே விரலையும் வெட்டிக்கொண்ட அப்பாக்கள், பந்துக்குக் காகிதம் ஒட்டி பூமி செய்து அதற்கு வர்ணமும் பூசிக்கொடுத்த அம்மாக்கள், என்னைப் போலச் சாவிக்கொத்து சுமந்த சகாக்கள் எல்லோரும் ஒரே கட்சி. பிள்ளை செய்தது என்று சொல்லி நாம் செய்ததில் என் பங்கை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டால் உடையும்

நான் ப்ளஸ் டூ படித்த இரண்டு வருஷத்தில் வோல்ட்மீட்டரைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அது செய்முறைத் தேர்வு நாள். ஆடுவது முள்ளா, என் கையா என்று தெரியாமல் நின்றேன். அதனால் சாவி கைக்கு வந்த முதல் வாரம் என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம் பள்ளி விட்டதும் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். துடைத்தேன், ஒயரைச் சேர்த்தேன். ஒரு மின்சார மணியை அடிக்கவைத்தேன். காலியான பள்ளியில் அது கணீரென்று அடித்தது. பக்கத்தில் 'அட!' என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்றிருந்தது.

அந்த வருஷமே கண்காட்சி வந்தது. இயற்பியல் ஆசிரியை வசந்தா டீச்சரிடம் போய், எந்தெந்தப் பிள்ளைகளை லேபுக்கு அனுப்புவீர்கள், என்னென்ன எடுத்து வைக்கட்டும் என்று ஆசையோடு கேட்டேன். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், பேனாவை மூடாமலே சொன்னார்: "பொண்ணுங்க கையில குடுத்தா உடைச்சிடுவாங்க மூர்த்தி, ஆபீசர் வந்தா யாரு பதில் சொல்றது? நீங்களே செஞ்சிடுங்க, அதுங்க பேசட்டும்."

ஜன்னலுக்கு வெளியே

செய்தேன். அதுங்க பேசின. மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மணியடிக்கும் ஒரு பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தால் நோண்டுவார்கள் என்று நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தேன். விளக்கத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்று கோடு கூடப் போட்டிருந்தேன். கண்காட்சி அரங்கத்துக்குள் மாணவியும் வழிகாட்டி ஆசிரியையும் மட்டும்தான் போகலாம் என்பதால் நான் ஜன்னலுக்கு வெளியே, செம்பருத்திச் செடி ஓரமாக நின்றேன்.

நடுவராக வந்தவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதைத் திறந்து காட்டும்மா" என்றார். திறக்கக் கூடாது என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண். "சரி, கெட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் தயங்காமல் ஜன்னலைக் காட்டினாள்: "அண்ணா வெளியில நிக்கிறாரு சார், கம்பி வழியா குடுத்தா சரிபண்ணிக் குடுத்துடுவாரு."

எரிமலையில் சொட்டுநீர்

அப்படியும் முதல் பரிசு எங்களுக்குத்தான். ஹெச்.எம். அறையில் மாட்டிய புகைப்படத்தில் பெட்டி, பிள்ளைகள், டீச்சர் எல்லோரும் இருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் நாலு விரல்தான் நான். வருஷம் பூராவும் அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் அந்த விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் எங்கள் பள்ளியிலேயே கண்காட்சி. பிள்ளைகளுக்கு மாடலை அடையாளம் சொல்வதைவிட இடத்தைச் சொல்வது சுலபம் என்று, 'நீ மூணாவது மேசை, நீ நாலாவது மேசை' என்று பழக்கிவைத்திருந்தேன். காலையில் எரிமலைக்குள் எரியும் பல்புக்கு பிளக் எட்டவில்லை என்று மூன்றாவது மேசையையும் நாலாவது மேசையையும் மாற்றிப் போட்டேன். பிள்ளைகளை மாற்ற மறந்துவிட்டேன். வேங்கிக்கால் கல்வி ஆபீசிலிருந்து வந்த அதிகாரியிடம், மூன்றாவது மேசைக்காரி எரிமலை வாயில் குச்சியை வைத்து, "இங்கே சொட்டுச் சொட்டாக விழும் நீர் நேரடியாக வேரை அடைகிறது" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பக்கத்து மேசைக்காரியோ சொட்டுநீர்க் குழாயைக் காட்டி, இதன் அருகில் மனிதர்கள் வசிப்பது ஆபத்து என்று எச்சரித்தாள். அதிகாரி சிரிக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு முதல் பெண்ணிடம் திரும்பினார்: "ரொம்ப நல்லா சொன்னம்மா, இந்த மலையில என்ன பயிர் வெச்சிருக்கீங்க?"

தீபத்துக்கு வந்த காவலர்

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் லீவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கு லீவு, எனக்கு இல்லை. பாதுகாப்புக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வரும் போலீஸ்காரர்கள் பள்ளிகளில்தான் தங்குவார்கள். பெஞ்சுகளை ஏறக்கட்டி, வகுப்பறையில் பாய் விரித்திருப்பார்கள், கொடியில் காக்கிச் சட்டை காயும். ஆய்வகத்துக்குக் காவல் நான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால், வராண்டாவில் நான் பாதி செய்து வைத்திருந்த பளுதூக்கி இயந்திர மாடலுக்கு முன்னால் ஒரு காவலர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பி தரையில் கிடந்தது. நூலைச் சுற்றி ஒரு போல்ட்டை மேலே ஏற்றுகிறார், இறக்குகிறார், மறுபடி ஏற்றுகிறார். "யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்று கத்தியே விட்டேன். பதறி எழுந்து நின்றார். அப்புறம்தான் கவனித்தேன், என் முடிச்சை அவிழ்த்துவிட்டு வேறு மாதிரி போட்டிருந்தார். இப்போது நூல் வழுக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்காருங்கள் என்றேன். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் போல்ட், சாவி, அவருடைய விசில் என்று கிடைத்ததையெல்லாம் தூக்கினோம். வாசலில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிட்டதும் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க ஸ்கூல்ல இதெல்லாம் அலமாரியிலயே இருந்துச்சு சார், நாப்பத்தாறு வயசுல இன்னிக்குத்தான் தொட்டேன்."

தொட மாட்டேன்னு சொல்லுங்க

அதற்குப் பிறகு நானாகவே செய்து கொடுப்பது எனக்குக் கசக்க ஆரம்பித்தது. கசந்தாலும் நாலைந்து வருஷம் செய்துகொண்டுதான் இருந்தேன். பழக்கம் லேசில் விடுமா?

இரண்டாயிரம் பிறந்த புதிதில், பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி வைத்தது. தரையில் நீளமாக, நேராக ஒட்டியிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒரு வண்டி ஒரு ரப்பர் பந்தைச் சுமந்துகொண்டு போய்ச் சேர வேண்டும். ஒயர் வைத்த ரிமோட்டில் ஓட்டலாம். மூன்று தடவை கோட்டை விட்டு இறங்கினால் ஆட்டம் முடிந்தது. வழக்கம்போல 'மூர்த்தி பார்த்துக்குவார்' என்று சுற்றறிக்கை என்னிடம் வந்தது. அதற்கு முன்னாலேயே மூன்று பெண்கள் லேபுக்கு வந்து நின்றார்கள். பதினோராம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் கலைவாணிதான் தலைவி. சுமதி, பர்வீன் இரண்டு பேரும் அவளுக்குத் தோழிகள். "நாங்களே செய்யறோம்ணா, நீங்க சாமான் மட்டும் குடுங்க" என்றாள் கலைவாணி.

கழித்துப் போட்ட டேப் ரிக்கார்டர்களிலிருந்து இரண்டு மோட்டார் எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் செருப்பை வெட்டிச் சக்கரம் செய்தார்கள். டிபன் டப்பா மூடிதான் வண்டி. ஓடவிட்டால் இடது பக்கமாகவே இழுத்தது. இடது மோட்டார் பழசு, வேகம் கம்மி. எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் கலைவாணி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவர்கள் மோட்டாரைக் கண்டுபிடிக்கவே இல்லை. வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வலது பட்டனிலிருந்து கட்டைவிரலை ஒரு நொடி தூக்கினால் வலது சக்கரம் நிற்கும், வண்டி வலப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வந்துவிடும். எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு தடவை தூக்குவது? நாளெல்லாம் ஓட்டி அதையும் பிடித்தார்கள். சுமதி எண்ணுவாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கு!" கலைவாணியின் விரல் எழும். பர்வீன் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். வண்டி ஆடி ஆடி, ஆனால் கோட்டை விடாமல், வராண்டா முழுக்கப் போய்ச் சேரும்.

அந்த மூன்று வாரம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் சர்வீஸில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை. அவர்கள் என்னை நன்றாகப் படித்துவைத்திருந்தார்கள். முதல் நாளே, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கலைவாணி வாசலில் நின்று கேட்டாள்: "நாங்க வீட்டுக்குப் போனப்புறம் தொட மாட்டேன்னு சொல்லுங்கண்ணா."

சனிக்கிழமை மத்தியானம்

சொல்லியிருந்தேன். திங்கள்கிழமை போட்டி. சனிக்கிழமை ஒத்திகையை ஹெச்.எம். அம்மா வந்து பார்த்தார். "என்னா மூர்த்தி, குடிச்சிட்டு நடக்கிற ஆளு மாதிரி போவுது? வெளியூர் காலேஜ்ல நம்ம பேரு என்னாவறது?" என்றார். பழியை அவர் மேல் போட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் உண்மை அதுவல்ல. என் மேசை டிராயரில் வலது மோட்டாருக்கு அச்சு அசல் ஜோடியாக ஒன்று மூன்று வாரமாகக் கிடந்தது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கை அரித்தது.

பிள்ளைகள் போன பிறகு மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு பட்டனையும் நானே அழுத்தினேன். கோட்டின் மேல் நூல் பிடித்தது போலப் போயிற்று. ப்ளஸ் டூ படிக்கும்போது நான் எதற்கு ஏங்கினேனோ அது என் கையிலிருந்து நேராக ஓடிக்கொண்டிருந்தது. தனியாக நின்று கை தட்டினேன், அவ்வளவு முட்டாள். திங்கள்கிழமை இது நேராகப் போகும்போது அவர்கள் முகம் எப்படி மலரும் என்றுதான் நினைத்தேனே தவிர, வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. கிளம்பும் நேரத்தில் வராண்டா பக்கம் வந்த ஹெச்.எம். அம்மா பார்த்துவிட்டுத் தலையசைத்தார்: "இப்பத்தான் உங்க கை பட்ட மாதிரி இருக்குது, இனிமே கவலை இல்ல."

ஒண்ணு, ரெண்டு, மூணு

பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் முன் சீட்டில் எண்ணிக்கை சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்கள். வாக்கை மீறியதை எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் பயம், ஆச்சரியப்படட்டுமே என்று கொஞ்சம் ஆசை. இரண்டும் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டன. அங்கே போனால் பழகிப் பார்க்க இடமில்லை, நேராக மேடைதான். வழிகாட்டிகள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. என் பக்கத்தில் கலைவாணியின் அப்பா நின்றார். மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். "இன்ஜினியரிங் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வந்து பாருப்பா, அப்புறம் சொல்லுன்னா. அதான் வந்தேன்" என்றார்.

வண்டி நேராகக் கிளம்பியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கு!" விரல் எழுந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பிக் கோட்டை விட்டு இறங்கியது. கலைவாணி வண்டியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். மறுபடி கோட்டில் வைத்தார்கள். சுமதி இன்னும் சத்தமாக எண்ணினாள். மறுபடி இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'தூக்காதேம்மா, விரலைத் தூக்காதே' என்று தொண்டை வரைக்கும் வந்தது. கயிறு, விதி, நடுவர்கள், ஹெச்.எம். அம்மா எல்லாம் நினைவுக்கு வந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. மூன்றாவது தடவை பர்வீன் ஒயரைக் கீழே போட்டுவிட்டாள். முழுசாக அரை நிமிஷம் கூட ஆகவில்லை. கலைவாணியின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "வண்டி நல்லாத்தான் இருக்குது, எம் பொண்ணுக்குத்தான் ஓட்டத் தெரியல, இல்லீங்களா?"

ஜோடி மோட்டார்

நான் தலையை ஆட்டினேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் ஆட்டினேன்.

கலைவாணி ஒரு வார்த்தை யாரையும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு செய்முறை வகுப்புக்கு மட்டும் வருவாள், மணியடித்ததும் போய்விடுவாள். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு நான் லேபைத் திறந்தே வைத்திருப்பேன். வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். வேறு யாராவது சுண்ணாம்புக்கட்டி கேட்க வந்திருப்பார்கள். இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒன்றரை வருஷம் ஓடியது. ப்ளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று சுமதிதான் சொன்னாள். இன்ஜினியரிங் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அவளே வேணாம்னுட்டா" என்றாள்.

அதன் பிறகு பிள்ளைகள் செய்த எதிலும் நான் கை வைக்கவில்லை. மாடல்கள் சாய்ந்தன, புகைந்தன, நின்றன. பரிசுகள் நின்றே போயின. லேப் அண்ணாவுக்கு வயசாயிடுச்சு, சோம்பேறித்தனம் வந்துடுச்சு என்று என் காது படவே பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. ஒவ்வொரு குழு வண்டியைத் தரையில் வைக்கும்போதும், அதன் பின்னால் கலைவாணி நின்று எண்ணிக்கைக்கு விரலைத் தூக்கமாட்டாளா என்ற ஏக்கம்தான் வலித்தது.

வந்தாள். ஆறேழு வருஷம் கழித்து, புடவை கட்டி, கையில் குடையோடு. வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராம். அவளுக்குத்தான் அறிவியல் கண்காட்சிப் பொறுப்பாம். "அண்ணா, பழைய மோட்டார் ரெண்டு கிடைக்குமா? ரெண்டும் ஒரே ஸ்பீடு ஓடணும்" என்றாள். பசங்க செய்யறாங்களா என்று கேட்டேன். சிரித்தாள். "பசங்க கையில குடுப்பேனாண்ணா? நானேதான் செய்யறேன். அன்னிக்கு நான் கெடுத்தது போதாதா? சின்ன வயசுல கை நமக்கு அடங்காது, அது எனக்குத் தெரியும்."

டிராயரைத் திறந்தவன் மூடிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். சனிக்கிழமை, மோட்டார், கயிறு, அவள் அப்பா கேட்டது, நான் தலையை ஆட்டியது, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட ஆசைப்பட்டேன். அவள் திட்டவில்லை. குடையை மேசை மேல் வைத்துவிட்டு, பதினோராம் வகுப்புப் பெண்ணின் குரலில் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ என் விரல் சரியாத்தான் இருந்துதாண்ணா?"

கெட்டுப்போன சாமான் எத்தனையோ சரிபண்ணிக் கொடுத்திருக்கிறேன், சகாக்களே. கெடாத ஒன்றைச் சரிபண்ணப் போனதுதான் இன்று வரை சரியாகவில்லை.